புக்கிங்கா, ரீசேலா, மனையா: 70 லட்சத்துக்கு எந்த வழி?

சென்னையிலோ அதன் புறநகரிலோ 70 லட்சம் ரூபாய் கணக்கில் வீடு தேடும் குடும்பத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பில்டர் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டை இப்போதே புக் செய்யலாம். யாரோ குடியிருந்த ஃபிளாட்டை ரீசேலில் வாங்கலாம். மனை வாங்கிச் சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டி முடித்தும் விற்காமல் நிற்கும் புது ஃபிளாட் என்று நாலாவது ஒன்றும் உண்டு. அதை நடுவில் தொட்டுக்கொள்கிறேன்.

சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே கட்சி பிரிந்துவிடும். "மண்ணுதான்டா சொத்து" என்பார் பெரியப்பா. ஜிம், நீச்சல்குளம், செக்யூரிட்டி என்று அடுக்குவான் ஐடி வேலையில் இருக்கும் தம்பி. "பழசையே வாங்கு, மழைக்குத் தண்ணி நிக்குதான்னு பக்கத்து வீட்ல கேட்டுட்டு வாங்கலாம்" என்பார் மேடவாக்கத்து அத்தை. மூன்று பேருமே தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எந்த வழியில் போனாலும் வீட்டோடு சேர்த்து ஒரு சந்தேகத்தையும் வாங்குகிறோம், அதை யாரும் சொல்வதில்லை. புக்கிங்கில் சந்தேகம் இனி வரும் நாட்களைப் பற்றியது: பில்டர் சொன்ன தேதியில் முடிப்பாரா? ரீசேலில் அது பழங்கதையைப் பற்றியது: முப்பது வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடவேண்டிய யாராவது போடாமல் விட்டிருக்கிறார்களா? மனையில் சந்தேகம் நிலத்தின் மேலும் நம் மேலும் பாதிப் பாதி: அப்ரூவல் சரிதானா, வேலையைக் கூடவே நின்று பார்க்க நமக்கு நேரம் இருக்கிறதா? இதில் எந்தச் சந்தேகத்தை நம்மால் காசும் நேரமும் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள முடியும் என்று பார்த்தால் முடிவு எடுப்பது சுலபமாகிறது.

முதலில் பணம்

விளம்பரத்தில் 70 லட்சம் என்று போட்டிருந்தால் கையைவிட்டுப் போவது 70 லட்சம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பது வழிக்கு வழி மாறுகிறது.

கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள் இருந்து, சென்னை போன்ற பெருநகரில் கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால்தான் 1 சதவீதம். ஆக, 70 லட்சத்துக்கு மூன்றரை லட்சம் ஜிஎஸ்டி. பதிவில் 2023 டிசம்பர் முதல் புது முறை. அதற்கு முன் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்று இரண்டாகப் பதிவார்கள். இப்போது பில்டரிடமிருந்து முதல்முறை வாங்கும் ஃபிளாட்டை நிலமும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சம் முதல் 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம். எல்லாவற்றுக்கும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 70 லட்சத்துக்கு இது 4 லட்சத்து 90 ஆயிரம். ஜிஎஸ்டியோடு சேர்த்தால் 78 லட்சத்து 40 ஆயிரம். கட்டி முடிக்கும்வரை நீங்கள் வேறெங்காவது வாடகைக்கு இருந்தாகவேண்டும். மாதம் 20,000 என்றால் இரண்டு வருடத்தில் 4 லட்சத்து 80 ஆயிரம். இதை யாரும் வீட்டு விலையில் சேர்த்துப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டும்.

கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிய புது ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வாடகைக் காத்திருப்பும் கிடையாது. பில்டர் இது தெரிந்தே விலையைக் கொஞ்சம் ஏற்றித்தான் வைத்திருப்பார். அந்த ஏற்றம் ஜிஎஸ்டியையும் வாடகையையும் சேர்த்த தொகைக்குக் குறைவாக இருந்தால், நான் யோசிக்காமல் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். சிக்கல் என்னவென்றால் நல்ல ஃபிளாட் அதுவரை விற்காமல் நிற்பது குறைவு. கிழக்குப் பார்த்தது, மூலை வீடு எல்லாம் போய், கடைசியில் ஜெனரேட்டர் பக்கத்து வீடு மிஞ்சும்.

ரீசேலில் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் பில்டரிடமிருந்து முதல்முறை விற்பனையாகும் ஃபிளாட்டுக்குக் கிடைக்கும் தீர்வைச் சலுகையும் இல்லை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்: 6 லட்சத்து 30 ஆயிரம். புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்றால் 70 ஆயிரம். பெயின்ட், பாத்ரூம் பைப், பழைய வயரிங் என்று இரண்டு மூன்று லட்சம் எடுத்து வைக்கவேண்டும். ஏறக்குறைய 80 லட்சம். பார்த்தால் புக்கிங்கைவிடக் கூடுதல் போலத் தெரியும். ஆனால் அதே தெருவில் பழைய ஃபிளாட்டின் சதுர அடி விலை புதியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதே பணத்துக்கு இன்னொரு அறையோ, ரயில் நிலையத்துக்கு இன்னும் பக்கமான இடமோ கிடைக்கும்.

மனைக்கு ஓர் உத்தேசக் கணக்கு. புறநகரில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி, சதுர அடி 3,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 42 லட்சம். 9 சதவீதப் பதிவுச் செலவு 3 லட்சத்து 78 ஆயிரம். அதில் 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,600 என்றால் 26 லட்சம். போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மின் இணைப்பு, பிளான் கட்டணம் எல்லாம் சேர்த்து 5 லட்சம். கிட்டத்தட்ட 77 லட்சம். காகிதத்தில் இதுதான் மலிவு. ஆனால் 2,600 என்று கான்ட்ராக்டர் சொல்வது கதவுப் பலகையும் டைல்ஸும் எந்த ரகம் என்று எழுதாத வரை வெறும் பேச்சுதான்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. 30 லட்சம் முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி தரக்கூடிய உச்சவரம்பு சொத்து மதிப்பில் 80 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கமாட்டார்கள். 70 லட்சம் ஃபிளாட்டுக்கு அதிகபட்சம் 56 லட்சம் கடன்; மீதி 14 லட்சமும் மேற்படி எட்டு லட்சத்துச் சொச்சமும் கையிலிருந்து போகவேண்டும். 22 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக இல்லாமல் 70 லட்சத்து வீட்டைப் பார்க்கப் போவது வீண் அலைச்சல். 56 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 48,600 வரும். வரிச் சலுகையை நம்பி இதைச் சரிக்கட்டலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: புதிய வருமான வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

புக்கிங்: தேதியை நம்புவது

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் "பிளான் அப்ரூவல் இருக்கு சார்" என்ற ஒற்றை வார்த்தைக்கு இங்கே மதிப்புக் குறைந்தது அன்றிலிருந்துதான். 2016 ரெரா சட்டம் வந்த பிறகு நிலைமை நிஜமாகவே மாறியிருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டுகிற திட்டம் பதிவு எண் இல்லாமல் விற்பனைக்கு வரக்கூடாது. வாங்குபவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்கவேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் கோளாறு தெரிந்தால் பில்டர் சொந்தச் செலவில் சரிசெய்யவேண்டும். சொன்ன தேதியில் தராவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். காத்திருக்கச் சம்மதித்தால் தாமதத்துக்கு மாதா மாதம் வட்டி கேட்கலாம்.

கேட்கலாம் என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் நடுவில் ஒரு வக்கீல் செலவும் சில வருடங்களும் இருக்கின்றன. அதனால் தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். திட்டம் முடிய வேண்டிய தேதியைப் பாருங்கள். விற்பனைப் பையன் "அடுத்த பொங்கலுக்குக் கிரகப்பிரவேசம்" என்பார். ரெராவில் பில்டர் எழுதிக் கொடுத்த தேதி அதற்கு ஒன்றரை வருடம் கழித்து இருக்கும். சட்டத்தின் முன் வாய்ப்பேச்சு செல்லாது, உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிய தேதிதான் செல்லும்; அதில் எந்தத் தேதி இருக்கிறது என்றும் பாருங்கள். அதே பில்டரின் முந்தைய திட்டத்துக்குப் போய், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் இரண்டு பேரிடம் "எப்ப சாவி குடுத்தாங்க?" என்று கேளுங்கள். இதைவிட நல்ல விசாரணையை நான் அறியேன்.

நிலம் பில்டருடையதா என்பது அடுத்த கேள்வி. சென்னையில் பெரும்பாலும் இல்லை. நிலச் சொந்தக்காரரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு, விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரம் வாங்கி, தன் பங்குக்கு வந்த வீடுகளைப் பில்டர் விற்பார். அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் பார்க்கும் மூன்றாவது மாடி வீடு பில்டர் பங்கில் வருகிறதா, சொந்தக்காரர் பங்கில் வருகிறதா என்று அந்த ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு 30 நாளுக்குள் வாங்கிய உயிர்ச்சான்று பதிவின்போது கேட்பார்கள். நிலச் சொந்தக்காரருக்கு எண்பது வயது என்றால் இது சாதாரண விஷயமல்ல.

இன்னொன்று, மண். 70 லட்சத்தில் உங்கள் பெயருக்கு எவ்வளவு நிலம் வருகிறது என்று கேளுங்கள். இந்தப் பிரிபடாத பாகம், அதாவது யுடிஎஸ், கட்டட அளவுக்கும் நில அளவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. 2019 விதிகளுக்கு முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு இந்தத் தளப்பரப்பு விகிதம் 1.5. இப்போது 2. உயரமான கட்டடங்களுக்கு 3.25. ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்கு உத்தேசமாக 1.5 என்றால் 667 சதுர அடி மண், 2 என்றால் 500, 3.25 என்றால் 308. கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் தேயும், மண்ணின் மதிப்பு ஏறும் என்பது தெரிந்த கதை. பதினைந்து மாடி டவரில் வாங்குகிறவர் தேய்கிற பக்கத்துக்கு அதிகம் கொடுக்கிறார். நீச்சல்குளத்துக்கு மாதா மாதம் மெயின்டெனன்ஸ் கட்டுவது தனி.

ரீசேல்: பழைய காகிதம் படிப்பது

இந்தப் பகுதி நீளும். காரணம், மூன்று வழிகளில் இதில்தான் வாங்குபவர் தன் உழைப்பால் சந்தேகத்தைப் பெருமளவு குறைக்க முடியும்.

வீடு கண்முன்னே நிற்கிறது. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, மெட்ரோ வாட்டரா லாரியா, மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறதா, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எல்லாவற்றையும் வாட்ச்மேன் சொல்லிவிடுவார். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் பார்க்கிறவர்கள் கார் பார்க்கிங் சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. புதுப் பெயின்ட் அடித்த சுவர் மட்டும் தனியாகத் தெரிந்தால் கொஞ்சம் அதிகமாகவே விசாரிக்கலாம்.

காகிதத்துக்கு வருவோம். "டாக்குமென்ட் எல்லாம் கிளியர் சார், பேங்க் லோன் இருக்கு, அப்புறம் என்ன?" என்பது புரோக்கரின் தாரக மந்திரம். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கியின் கடனுக்காக. உங்களுக்காகப் பார்க்க, வங்கிக்கும் விற்பவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலை வையுங்கள். இந்தக் கட்டணத்தில் பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆச்சரியம்தான்.

வக்கீல் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். இன்றைய சொந்தக்காரருக்குச் சொத்து யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று குறைந்தது முப்பது வருடத்துக்குத் தொடர்ச்சி அறுபடாமல் இருக்கவேண்டும். கிரயம், தானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், உயில் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு காகிதம். கூடவே ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று. பதிவுத்துறைத் தளத்தில் 1975 முதல் பெரும்பாலும் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடவேண்டும்.

ஈசியில் வில்லங்கம் இல்லை என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய ஆபத்து. பதிவானது மட்டுமே ஈசியில் வரும். பதியாத உயில் வராது. பதியாத ஒப்பந்தத்தின்பேரில் வாங்கிய அட்வான்ஸ் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் பாகவழக்கு, யாராவது அதைப் பதிவுத்துறைக்குக் கொண்டுபோகாத வரை, வராது. சொந்தக்காரர் இறந்து, பிள்ளைகள் நாலு பேரில் இருவர் மட்டும் வந்து விற்கிறார்கள் என்பதும் ஈசிக்குத் தெரியாது.

அந்தக் கடைசி ரகம்தான் நம் ஊரில் அதிகம். இந்துக் குடும்பம் என்றால், அப்பா பெயரில் இருந்த பூர்வீகச் சொத்தில், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு. 2005ல் மத்தியச் சட்டத் திருத்தம், கல்யாணமான மகளையும் சேர்த்து, இந்த உரிமையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றாலும், உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் சமபங்கு. "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு சார், அவ கேக்கமாட்டா" என்று விற்பவர் சொன்னால், அந்தத் தங்கை பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்தும் கைரேகையும் வைக்கட்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பத்திரத்தில் தேடுங்கள். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் அம்மாவோ அப்பாவோ விற்க முடியுமா என்று வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவாகிவிட்டால் அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரி என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை. உரிமையை நிரூபிக்காவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு வைத்திருந்த ஒரு விதியை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பத்திரம் நடந்ததைப் பதிவார்கள். விற்றவர் சொந்தக்காரரா என்பது உங்கள் பொறுப்பு.

பழைய ஃபிளாட்டுக்கென்று தனியாக ஒரு சிக்கல். முன்பிருந்த இரட்டைப் பதிவு முறையால் பல பழைய ஃபிளாட்டுகளின் கிரயப் பத்திரத்தில் வீடே இருக்காது, "இத்தனை சதுர அடி பிரிபடாத பாகம்" என்று மட்டும்தான் இருக்கும். வீடு எந்த மாடி, எந்த எண் என்பது கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தம் பதிவாகாமல் வெறும் முத்திரைத்தாளில் கிடக்கும், சில வீடுகளில் தொலைந்தும் போயிருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா வீட்டு யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த நிலத்தை மிஞ்சாமல் இருக்கிறதா என்பதும் ஒரு நல்ல கேள்வி. கூட்டிப் பார்க்கும் வக்கீல்கள் குறைவு.

அப்ரூவல் பிளானை எடுத்துக்கொண்டு மாடியேறுங்கள். மூன்று மாடிக்கு அனுமதி, நாலாவதாக ஒரு பென்ட்ஹவுஸ் என்பது சென்னையில் புதிதல்ல. அந்த நாலாவது மாடி வீட்டை மலிவாகத் தந்தால் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். வங்கியும் தராது, நாளைக்கு வாங்குபவரும் வரமாட்டார்.

விலை பேசி முடித்தால் கிரய ஒப்பந்தம். இதையும் பதிவு செய்யவேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சட்டம். "பத்திரம் பண்ணும்போது பாத்துக்கலாம்" என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது. விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அது போக, பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதினால் வங்கிக் கடனும் அதற்கேற்பக் குறையும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டிடிஎஸ் வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்டவேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இத்தனை வேலை எதற்கு என்று தோன்றும். மண் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2019க்கு முன் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்டில் 1.5 விகித மண் இருக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலே போதும், எல்லாம் நின்றுவிடும். நங்கநல்லூரிலோ குரோம்பேட்டையிலோ எட்டு வீடு உள்ள கட்டடத்தில் 600 சதுர அடி யுடிஎஸ் வைத்திருப்பவருக்கு இருபது வருடம் கழித்து இது நல்ல பேரம் பேசும் பலம்.

மனை: அப்ரூவலும் மேஸ்திரியும்

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து திருச்சி போகும் ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் மனை விளம்பரம்தான். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எண். பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லும் லேஅவுட்டை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவையே நிறுத்தியது. பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை மட்டும் வரன்முறைப்படுத்திக்கொள்ள வழி வந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனை என்றால் நிலம் உங்களுடையதாக இருக்கலாம், வீட்டு மனையாக இராது.

நிலத்தின் வகையும் முக்கியம். கோயில் நிலம், வக்ஃபு நிலம், புறம்போக்கு, ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கு நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலம் ஆகியவை தனி மனிதர் பெயரில் பட்டாவோடு வந்து நின்றாலும் பின்னால் பறிபோகக்கூடியவை. வருவாய்த்துறையின் பழைய 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் என்னவாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏரி, குளம், வாய்க்கால் பக்கத்து சர்வே எண் என்றால் எஃப்எம்பி எனப்படும் புல அளவு வரைபடத்தையும் சேர்த்து. பிறகு உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளக்கவேண்டும். பத்திரத்தில் 1,200 சதுர அடியும் தரையில் 1,140ம் இருப்பது சர்வ சாதாரணம்.

காகிதம் சரியாக இருந்தால் கட்டுவதற்கு அனுமதி வாங்குவது முன்பைப்போல் தலைவலி இல்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. தலைவலி அதற்குப் பிறகு ஆரம்பிக்கும். மெட்டீரியலோடு ஒப்பந்தமா, கூலி ஒப்பந்தமா என்பதில் மட்டும் நல்ல தொகை மாறும். ஜிஎஸ்டி பதிவுள்ள கான்ட்ராக்டர் பொருளோடு கட்டித் தந்தால் பில்லில் 18 சதவீதம் வரும். பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டால் தனி வீட்டுக்கு அந்தக் கூலிக்கு வரி இல்லை. சிமென்ட்டுக்கு 28ஆக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 ஆனதால் இப்போது பொருள் வாங்குவது கொஞ்சம் லாபம். ஆனால் கூலி ஒப்பந்தம் என்றால் மணல் லோடு வரும்போதும் கான்கிரீட் போடும்போதும் வீட்டு ஆள் ஒருவர் நிற்கவேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில் அந்த ஆள் யார்? ஓய்வுபெற்ற அப்பாவோ, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மச்சானோ இல்லாவிட்டால் மெட்டீரியல் ஒப்பந்தமே நல்லது. அதிலும் பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கவேண்டும்: அஸ்திவாரம், லின்டல், ரூஃப், பூச்சு என்று.

வெறும் மனைக்கு மட்டும் கடன் வாங்கினால் வங்கிகள் தரும் பங்கு குறைவு. மனையும் கட்டுமானமும் சேர்ந்த கடனாகக் கேட்டால் நிலைமை மேல். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டி முடிப்பேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும்.

யாருக்கு எது

கையில் 22 லட்சமும் சிறு குழந்தைகளும், பள்ளிக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட முடியாத இரண்டு வேலைகளும் உள்ள குடும்பம் என்றால் நான் சொல்வது ரீசேல். வயது எட்டிலிருந்து பதினைந்து வருடம், வீடுகள் பன்னிரண்டுக்குள், யுடிஎஸ் கட்டட அளவில் பாதிக்குக் குறையாமல். மூன்று மாதம் காகிதத்தில் உழைத்தால் நாலாவது மாதம் குடிபோகலாம். வாடகையும் நிற்கும்.

கொஞ்ச நாள் பெற்றோர் வீட்டில் இருக்க முடிகிறவர், வாடகை கொடுக்காதவர், கையில் ரொக்கம் குறைவாகவும் சம்பளம் ஏறிக்கொண்டும் இருப்பவர் என்றால் புக்கிங் பொருந்தும். பணம் கட்டம் கட்டமாகப் போகும், வங்கியும் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கும், விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி. ஆனால் பில்டர் இரண்டு திட்டமாவது சொன்ன தேதிக்கு அருகில் முடித்தவராக இருக்கவேண்டும். முதல் திட்டத்தோடு வரும் பில்டருக்குப் பரிசோதனை எலியாக இருக்க 70 லட்சம் பெரிய தொகை.

மனை, ஊரில் நின்று பார்க்க ஆள் இருப்பவர்களுக்கு. அல்லது இப்போதே குடியேறத் தேவையில்லாதவர்களுக்கு. இன்னும் பத்து வருடம் கழித்துத்தான் கட்டுவேன் என்றால் காம்பவுண்டு போட்டு, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி, வருடம் இரண்டுமுறை போய்ப் பாருங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு போட்டோவில் மனை வாங்குகிறவர்கள் கேட்டால், நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். கோபித்துக்கொள்கிறார்கள்.

எதை வாங்கினாலும் பதிவு முடிந்த நாளில் வேலை முடியாது. உட்பிரிவு தேவைப்படாத மனை என்றால் பதிவோடு பட்டா தானாக மாறும். தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான். ஃபிளாட்டில் பட்டா பெரும்பாலும் கூட்டாக இருக்கும், அதில் உங்கள் பெயரைச் சேர்க்க மனுப் போடவேண்டும். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம், அசோசியேஷன் பாக்கி இல்லை என்ற கடிதம். ரீசேலில் இந்தக் கடிதத்தையும் கடைசி மின் கட்டண ரசீதையும் கிரயத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விற்றவர் சாவியைக் கொடுத்த பிறகு போனை எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.